மூலையில் கிடக்கும் கணினியை டிவியோடு சேர்ப்பது

பிள்ளைக்குப் புது மடிக்கணினி வாங்கியதும் பழைய டெஸ்க்டொப் துணி போர்த்தி அறை மூலைக்குப் போய்விடும். கல்லடி, களுவாஞ்சிகுடி, கல்முனை, அக்கரைப்பற்று என்று எங்கே போனாலும் இப்படி ஒன்றைக் காணலாம். அதை ஹோலில் உள்ள டிவியின் பின்னால் மாட்டி, படம், பாட்டு, யூடியூப், கலியாண வீடியோ எல்லாவற்றையும் பெரிய திரையில் பார்ப்பது பற்றியது இந்தக் கட்டுரை. இப்படி டிவிக்கென்றே ஒதுக்கிய கணினியை எச்டிபிசி என்பார்கள்.

உங்கள் டிவி அண்மையில் வாங்கிய ஸ்மார்ட் டிவி, வீட்டில் பார்ப்பது யூடியூப் மட்டும் என்றால் இந்த வேலையில் இறங்க வேண்டாம். டிவியே போதும். ஸ்மார்ட் இல்லாத பழைய டிவி, செயலிகள் புதுப்பிக்கப்படாமல் நின்றுபோன ஸ்மார்ட் டிவி, பென் டிரைவில் போட்டால் பாதிப் படங்களைத் திறக்காத டிவி, அலுமாரி நிறைய டிவிடி: இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தால் கணினி கைகொடுக்கும். எந்தக் கோப்பையும் திறக்கும், பெரிய ஹார்ட் டிஸ்க் தாங்கும், முழு பிரவுசர் இருக்கும். பதிலுக்கு அதன் மின்செலவையும் பராமரிப்பையும் நீங்கள் ஏற்க வேண்டும்.

ஒரு தவறான எண்ணத்தை முதலிலேயே நீக்கிவிடலாம். டயலொக் டிவி, பீயோ டிவி அலைவரிசைகளைக் கணினிக்குள் கொண்டுவர முடியாது. அவை பூட்டி அனுப்பப்படுகின்றன; திறக்கும் சாவி அவர்களுடைய பெட்டிக்குள்தான் இருக்கிறது. பெட்டியின் எச்டிஎம்ஐ வயரைக் கணினியின் எச்டிஎம்ஐ துவாரத்தில் செருகினாலும் ஒன்றும் வராது. கணினியில் இருப்பது படத்தை வெளியே அனுப்பும் துவாரம், உள்ளே வாங்குவதில்லை. பெட்டியை டிவியின் ஒரு துவாரத்திலும் கணினியை இன்னொன்றிலும் மாட்டி, டிவி ரிமோட்டில் மாற்றிப் பார்ப்பதே வழி.

எந்த வீடியோவை அது விரிக்கும்?

ரேம் எத்தனை ஜிபி, ஐ5-ஆ ஐ7-ஆ என்றுதான் எல்லோரும் முதலில் கேட்பார்கள். படம் பார்க்கிற வேலைக்கு அதெல்லாம் பிறகு. 4 ஜிபி ரேம் உள்ள கணினியிலேயே படம் வழுக்கிக்கொண்டு ஓடும். 16 ஜிபி உள்ள கணினியில் திக்கித் திணறவும் கூடும். எது என்று தீர்மானிப்பது, சிப்புக்குள் எந்த வகை வீடியோவை விரிக்கும் தனிப்பகுதி இருக்கிறது என்பதுதான்.

ஃபுல் எச்டி படத்தின் ஒரு சட்டத்தில் (ஃப்ரேம்) 1920க்கு 1080 புள்ளிகள், புள்ளிக்கு 3 பைட். விநாடிக்கு 25 சட்டம் என்றால் விநாடிக்கு ஏறத்தாழ 155 எம்பி. இரண்டரை மணி நேரப் படத்தை அப்படியே வைக்க 1.4 டிபி வேண்டும். நம் கைக்கு வருவதோ 2, 3 ஜிபி கோப்பு. பாயைச் சுருட்டிக் கட்டுவதுபோல் அமுக்கித் தருகிறார்கள். பார்க்கும்போது கணினி அதை விரித்துக்கொண்டே போக வேண்டும். சுருட்டும் முறைதான் கோடெக்.

இப்போது அதிகம் புழக்கத்தில் உள்ளவை நான்கு. எச்.264 பழையது, எங்கும் ஓடும். எச்.265 அதே தரத்தை ஏறக்குறைய பாதி அளவில் தரும். இதற்கு எச்இவிசி என்றும் பெயர். விபி9 யூடியூப் பெரும்பாலும் அனுப்புவது. ஏவி1 நான்கிலும் புதியது. சுருட்டு இறுக இறுக, விரிக்கும் வேலையும் கூடும். சிப்புக்குள் அதற்கென்று தனிப்பகுதி இருந்தால் சிரமமே தெரியாது. இல்லாவிட்டால் முழுப் பாரமும் பிரதான புரொசஸர் மேல் விழும். காற்றாடி இரையும், பெட்டி சூடேறும், படம் தாவித் தாவிப் போகும், குரல் ஓரிடத்தில் வாய் ஓரிடத்தில் நிற்கும்.

இன்டெல் புரொசஸரில் இதைக் கண்டுபிடிப்பது எளிது. ஐ5-3470 என்று இருந்தால் கோட்டுக்குப் பிறகு வரும் 3தான் தலைமுறை. ஐ5-6500 ஆறாவது, ஐ5-10400 பத்தாவது. இரண்டாம் தலைமுறையிலிருந்து ஐந்தாவது வரை எச்.264 மட்டும் நிம்மதியாக ஓடும். ஆறாவது எச்.265ஐ விரிக்கும், ஆனால் நிற நுணுக்கம் குறைந்த 8-பிட் வகையை மட்டும். ஏழாவது 10-பிட் எச்.265ஐயும் விபி9ஐயும் முழுதாகச் செய்யும். 4கே டிவி உள்ளவர்கள் இதற்குக் கீழே இறங்க வேண்டாம். ஏவி1 பதினோராம் தலைமுறையிலிருந்துதான். பெயரின் கடைசியில் எஃப் எழுத்து இருந்தால் அந்தப் புரொசஸரில் கிராபிக்ஸ் பகுதியே இல்லை, தனிக் கார்ட் வேண்டும். கோர் 2 டுவோ என்றால் 720 வரிப் படத்துக்குச் சரி. 1080க்கு மூச்சு வாங்கும்.

பழைய டெஸ்க்டொப்பில் எச்.265 வேண்டுமென்றால் ஒரு சின்ன கிராபிக்ஸ் கார்ட் போடலாம். என்விடியா ஜிடி 1030 இதற்கு ஏற்றது. 30 வாட்தான் எடுக்கும், பவர் சப்ளையிலிருந்து தனி வயர் கேட்காது, ஒடுங்கிய பெட்டிக்கான குட்டை வகையும் உண்டு. ஏவி1 மட்டும் அதில் இல்லை. "இதுவும் அதே மாதிரித்தான், விலை குறைவு" என்று ஜிடி 710ஐக் காட்டினால் வாங்காதீர்கள். அது எச்.265ஐ விரிக்காது. 4கே திரைக்கு விநாடிக்கு 30 சட்டத்துக்கு மேலும் அனுப்பாது.

கடையில் பழைய கணினி பார்க்கப் போகிறவர்கள் இரண்டு சோதனை செய்துவிட்டு வாங்கலாம். ஒரு பென் டிரைவில் எச்.264 கோப்பு ஒன்று, எச்.265 கோப்பு ஒன்று கொண்டுபோங்கள். விஎல்சி என்ற இலவச பிளேயரில் ஓடவிட்டு டாஸ்க் மேனேஜரைத் திறவுங்கள். புரொசஸர் பாவனை 10, 15 வீதத்துக்குள் நின்றால் தனிப்பகுதி வேலை செய்கிறது. 70, 80 என்று ஏறினால் இல்லை. ஜிபியு (கிராபிக்ஸ்) பக்கத்தில் "வீடியோ டீகோட்" என்ற கோடும் அசையும். மூன்றாம் தலைமுறை வரையான கணினிகளில் அந்தப் பக்கமே தெரியாமல் போகலாம், அங்கே புரொசஸர் வீதத்தை மட்டும் பாருங்கள். அடுத்தது யூடியூப். வீடியோ மேல் வலது கிளிக் செய்து "ஸ்டாட்ஸ் ஃபோர் நேர்ட்ஸ்" என்பதைத் தட்டினால் என்ன கோடெக் வருகிறது, எத்தனை சட்டம் தவறிப்போனது என்று காட்டும். தவறிய எண்ணிக்கை நிற்காமல் கூடிக்கொண்டே போனால், ஃபயர்ஃபாக்ஸில் எச்264ஐஃபை என்ற சிறு நீட்சியைச் சேருங்கள். யூடியூபை எச்.264 மட்டும் அனுப்பச் சொல்லும். 1080க்கு மேல் கிடைக்காது. ஆனால் பன்னிரண்டு வருடப் பழைய கணினியும் சீராக ஓடும்.

ரேமைவிட முதலில் மாற்ற வேண்டியது டிஸ்க். விண்டோஸ் இருப்பது சுழலும் ஹார்ட் டிஸ்கில் என்றால், சுவிட்சைப் போட்டுவிட்டுத் தேத்தண்ணி குடித்து முடிக்கலாம். 240 ஜிபி எஸ்எஸ்டி (சுழலும் பாகம் இல்லாத டிஸ்க்) ஒன்றில் இயங்குதளத்தைப் போட்டு, பழைய ஹார்ட் டிஸ்கைப் படம் வைக்க மட்டும் விட்டுவிடுங்கள்.

வயர்

எச்டிஎம்ஐ இருந்தால் ஒரு வயர்தான். படமும் ஒலியும் அதிலேயே போகும். நிறுவனங்கள் பாவித்துக் கழித்த டெல், எச்பி, லெனோவா டெஸ்க்டொப்கள் பலவற்றில் எச்டிஎம்ஐ இருக்காது, டிஸ்பிளேபோர்ட்டும் விஜிஏயும்தான். டிஸ்பிளேபோர்ட்டிலிருந்து எச்டிஎம்ஐக்குப் போகும் சாதாரண வயரே போதும், ஒலியும் வரும். அந்த வயர் ஒரு திசைக்கு மட்டும் என்பதை மறக்க வேண்டாம்: கணினிப் பக்கம் டிஸ்பிளேபோர்ட், டிவிப் பக்கம் எச்டிஎம்ஐ. விஜிஏ மட்டும்தான் இருக்கிறது என்றால், டிவியிலும் விஜிஏ இருந்தால் பாவிக்கலாம். அதில் ஒலி போகாது, 3.5 மிமீ ஓடியோ வயர் தனியாக இழுக்க வேண்டும். விஜிஏயை எச்டிஎம்ஐ ஆக்க வெறும் வயர் உதவாது. மின்சாரம் எடுக்கும் கன்வேர்ட்டர் வேண்டும். அவ்வளவு செலவு செய்வதற்கு ஜிடி 1030 கார்டையே போட்டுவிடலாம்.

வயரைச் செருகும்போது கணினி, டிவி இரண்டையும் சுவர் சுவிட்சில் நிறுத்திவிட்டுச் செருகுங்கள். காரணம் உண்டு. பழைய வீடுகளில் பிளக் பொயின்டுக்கு எர்த் வயர் இழுத்திருக்க மாட்டார்கள், அல்லது மூன்று முள் பிளக்கை இரண்டு முள் அடாப்டரில் செருகியிருப்பார்கள். எர்த் இல்லாவிட்டால் கணினியின் தகரப் பெட்டியில் பவர் சப்ளையின் வடிகட்டி வழியாக ஏறத்தாழ பாதி மின்னழுத்தம் நிற்கும். கை வைத்தால் சுள்ளென்று இருப்பது இதனால்தான். மின்னோட்டம் மிகச் சிறிது என்றாலும், ஓடிக்கொண்டிருக்கும் டிவியில் எச்டிஎம்ஐயைச் செருகும் கணத்தில் பொறி பறந்து துவாரத்தின் உள்சிப் எரிந்துபோகலாம். அதற்குப் பிறகு அந்தத் துவாரத்தில் "நோ சிக்னல்"தான். பெட்டியைத் தொட்டால் சுள்ளென்கிறதா என்று முதலில் பாருங்கள். சுள்ளென்றால் எர்த் போட்டுவிட்டு மற்ற வேலை.

படம் வந்தபிறகு மூன்று கோளாறுகள் வரும், மூன்றுக்கும் மருந்து டிவி மெனுவில் இருக்கிறது. விண்டோஸின் கீழ்ப்பட்டை பாதி வெட்டுப்பட்டுத் தெரிந்தால் டிவி படத்தைப் பெருப்பித்து ஓரத்தை வெட்டுகிறது. பட அளவு பகுதியில் "ஜஸ்ட் ஸ்கேன்", "ஸ்க்ரீன் ஃபிட்" என்று ஏதோ ஒரு பெயரில் இருப்பதைப் போடுங்கள். எழுத்தோரங்களில் நிறம் கலங்கினால் அந்த எச்டிஎம்ஐ துவாரத்தின் பெயரைப் "பிசி" என்று மாற்றுங்கள். பல டிவிகளில் பெயர் மாறியதும் படம் கையாளும் விதமே மாறும். கறுப்பு சாம்பலாகத் தெரிந்தாலோ, இருட்டுக் காட்சியில் ஒன்றுமே தெரியாவிட்டாலோ கணினி அனுப்பும் ஆர்ஜிபி வீச்சும் (கறுப்பிலிருந்து வெள்ளை வரையான அளவு) டிவி எதிர்பார்ப்பதும் பொருந்தவில்லை. கிராபிக்ஸ் அமைப்பில் "ஃபுல்", "லிமிட்டெட்" இரண்டையும் மாற்றிப் பார்த்தால் எது சரி என்று கண்ணே சொல்லும்.

4கே டிவியில் மவுஸ் இழுபட்டு நகர்ந்தால் எச்டிஎம்ஐ 1.4 துவாரம் விநாடிக்கு 30 சட்டம்தான் தருகிறது. அங்கே 1080க்கு இறக்கி 60 வையுங்கள். பத்தடி தள்ளி இருந்து பார்க்கிறவருக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது.

சத்தம் வரவில்லை, வந்தாலும் பேச்சுக் கேட்கவில்லை

படம் டிவிக்குப் போன பிறகும் ஒலி கணினியின் பின்புறப் பச்சைத் துவாரத்துக்கே போய்க்கொண்டிருக்கலாம். விண்டோஸ் செட்டிங்ஸ், சிஸ்டம், சவுண்ட், அங்கே அவுட்புட் என்ற இடத்தில் டிவியின் பெயரைத் தெரிவு செய்தால் சரி. டிவியை நிறுத்திவிட்டுக் கணினியை முதலில் போட்டால் சில வேளை டிவி பெயரே அங்கே இருக்காது. டிவியை முதலில் போட்டுப் பழகுங்கள்.

இன்னொரு குறை அநேகமாக எல்லா வீட்டிலும் வரும். பாட்டும் சண்டையும் சுவரை அதிர வைக்கும், பேச்சு மட்டும் முணுமுணுப்பாக இருக்கும். அம்மம்மா "என்ன சொன்னவன்?" என்று கேட்டுக்கொண்டே இருப்பார், ரிமோட் வைத்திருப்பவர் கூட்டியும் குறைத்தும் களைத்துப்போவார். டிவி ஸ்பீக்கர் பழுதென்று நினைப்பார்கள். பழுதில்லை. படத்தின் ஒலி 5.1, அதாவது ஆறு வழியாகப் பதியப்பட்டது. பேச்சு பெரும்பாலும் நடு வழியில்தான் வரும். டிவியில் இருப்பது இரண்டே ஸ்பீக்கர். ஆறு வழியை இரண்டாகக் கலக்கும்போது நடு வழியின் அளவு குறைந்துபோகிறது.

கோடி என்ற படம் பார்க்கும் மென்பொருளில் (அதைப் பற்றிக் கீழே) சரிசெய்வது இப்படி. செட்டிங்ஸ், சிஸ்டம், ஓடியோ என்று போய் மேல்நிலை அமைப்புகளும் தெரியும்படி வையுங்கள். சனல் எண்ணிக்கையை 2.0 ஆக்குங்கள். பாஸ்த்ரூ என்பது ஆம்ப்ளிஃபையர் உள்ளவர்களுக்கு, அதை நிறுத்திவிடுங்கள். இன்னும் போதாவிட்டால் படம் ஓடும்போது ஒலி அமைப்பைத் திறந்தால் "வால்யூம் ஆம்ப்ளிஃபிகேஷன்" இருக்கும், 6 முதல் 10 டெசிபெல் வரை கூட்டலாம். விஎல்சியில் கருவிகள் மெனுவின் எஃபெக்ட்ஸ் பகுதியில் கம்ப்ரெஸரை இயக்கினால் உரத்த ஒலி தணிந்து பேச்சு மேலே வரும்.

வாயசைவும் குரலும் பொருந்தாவிட்டால் விஎல்சியில் ஜே, கே எழுத்துகளை அமுக்கினால் தட்டுக்கு 50 மில்லிவிநாடி முன்பின் நகரும். எல்லாப் படத்திலும் ஒரே அளவு பிந்தினால் டிவியின் "கேம் மோட்" போட்டுப் பாருங்கள். படத்தை மெருகூட்டுகிறேன் என்று டிவி எடுக்கும் நேரம்தான் அந்தத் தாமதம்.

எதைப் பதிவது

கோடி என்பது டிவிக்கென்றே செய்த இலவச மென்பொருள். 2014 வரை எக்ஸ்பிஎம்சி என்ற பெயரில் இருந்தது. பெரிய எழுத்து, அம்புக்குறி விசைகளாலேயே முழுதும் நகரலாம், படத்தின் சுவரொட்டியும் கதைச்சுருக்கமும் தானாக வரும். அதை எதன் மேல் வைப்பது என்பதில் மூன்று வழி.

விண்டோஸ் ஏற்கனவே இருந்தால் அதன்மேலேயே பதியலாம். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 இன்டெலில் எட்டாம் தலைமுறைக்குக் கீழே முறைப்படி ஏறாது. ஆகவே பழைய பெட்டியில் இணையமும் பார்க்கப் போகிறீர்கள் என்றால் லினக்ஸ் மின்ட் நல்லது. ஃபயர்ஃபாக்ஸ், விஎல்சி, கோடி மூன்றும் அதில் உண்டு. இணையம் வேண்டாம், ஹார்ட் டிஸ்கில் உள்ள படங்கள் மட்டும் போதும் என்கிற வீட்டுக்கு லிப்ரெஎலெக் இன்னும் இலேசானது. சுவிட்சைப் போட்டால் நேரே கோடிதான். ஆனால் அதில் பிரவுசர் வராது. யூடியூப் முக்கியமான வீட்டில் அது பிரச்சினையாகும். இன்னொன்று, லிப்ரெஎலெக்கை ஒரு டிஸ்கில் நிறுவினால் அந்த டிஸ்கில் இருந்ததெல்லாம் அழியும். படம் இருக்கும் ஹார்ட் டிஸ்கைக் கழற்றி வைத்துவிட்டு நிறுவுங்கள்.

கட்டணச் சேவைகளுக்குப் பிரவுசர் போதும். லினக்ஸில் சிலவற்றின் படத்தரம் குறையும். திருட்டைத் தடுக்கும் பூட்டுமுறை அங்கே வலுக்குறைந்ததாகக் கணக்கிடப்படுவதே காரணம். இணையப் பொதிக்கும் ஒரு கணக்கு வேண்டும்: நெட்ஃபிளிக்ஸ் எச்டி தரத்தில் மணிக்கு 3 ஜிபி வரை, 4கே தரத்தில் 7 ஜிபி வரை எடுக்கும். 4ஜி ரூட்டர் பாவிப்பவர்கள் தரத்தை 720இல் நிறுத்தி வைத்தால் மாத நடுவில் பொதி முடியாது.

"எல்லாப் படமும் இலவசம்" என்று சொல்லிக் கோடியோடு நிரப்பி விற்கப்படும் நீட்சிகளை விட்டுவிடுங்கள். சட்டவிரோதம் என்பது ஒன்று. இன்று வேலை செய்து நாளை நின்றுபோவதும் யாரோ எழுதிய நிரல் உங்கள் வீட்டுக் கணினியில் ஓடுவதும் மற்றது.

படங்களைச் சேர்க்கும்போது கோப்புறையின் பெயரை ஆங்கில எழுத்தில் படப்பெயர், அடைப்புக்குள் ஆண்டு என்று வையுங்கள். அப்போதுதான் கோடி சரியான படத்தைத் தேடி எடுக்கும். வீட்டு வீடியோக்களை வேறு கோப்புறையில் வைத்து, அதற்கு "உள்ளடக்க வகை: ஒன்றுமில்லை" என்று கொடுங்கள். கொடுக்காவிட்டால் தங்கச்சியின் கலியாண வீடியோவுக்குக் கோடி ஏதோ ஒரு வெளிநாட்டுப் பேய்ப்படத்தின் சுவரொட்டியை மாட்டிவிடும்.

தமிழ் வசனவரிகள் கட்டம் கட்டமாகத் தெரிந்தால் அந்த எழுத்துருவில் தமிழ் இல்லை. விஎல்சியின் வசனவரி அமைப்பில் நிர்மலா யூஐ எழுத்துருவையும் யுடிஎஃப்-8 குறியேற்றத்தையும் தெரிவு செய்யுங்கள். லினக்ஸில் நோட்டோ சான்ஸ் தமிழ்.

படங்களை வைத்திருக்கும் வெளி ஹார்ட் டிஸ்க் எஃப்ஏடி32 என்ற பழைய கோப்பு ஒழுங்கில் இருந்தால் 4 ஜிபிக்கு மேற்பட்ட கோப்பை ஏற்காது. என்டிஎஃப்எஸ் ஆக்குங்கள், அதற்காக ஃபோர்மட் செய்தால் உள்ளிருப்பது அழியும். அந்த டிஸ்கை லினக்ஸில் மாட்டினால் வாசிக்க மட்டும் விட்டு எழுத விடவில்லையா? விண்டோஸ் முழுதாக நிற்காமல் "ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்"பில் உறங்கியிருக்கிறது. விண்டோஸில் அதை நிறுத்திவிட்டு ஒருமுறை ஒழுங்காக மூடினால் தீர்ந்தது.

ரிமோட்

டிவி ரிமோட் கணினிக்கு வேலை செய்யாது. எச்டிஎம்ஐயில் அதற்கு வழி இருந்தாலும் பெரும்பாலான கணினிக் கிராபிக்ஸ் துவாரங்களில் அந்தக் கம்பி இணைக்கப்பட்டிருக்காது. லாஜிடெக் கே400 போல, தொடுபலகை சேர்ந்த வயரில்லா விசைப்பலகை ஒன்று போதும். விசைகள் விட்டு விட்டு வேலை செய்தால் பற்றரியைக் குறை சொல்ல முன் ரிசீவர் எங்கே என்று பாருங்கள். நீல நிற யூஎஸ்பி 3.0 துவாரமும் அதில் மாட்டிய ஹார்ட் டிஸ்கும் 2.4 கிகாஹேர்ட்ஸ் அலையில் இரைச்சல் எழுப்பும். ரிசீவரைக் கறுப்புத் துவாரத்துக்கு மாற்றுங்கள், அல்லது ஒரு சின்ன நீட்டிப்பு வயரில் டிவிக்கு முன்னால் கொண்டுவாருங்கள். அண்ட்ராய்ட் ஃபோனையே ரிமோட்டாக்க கோடி குழுவினரின் கோரே செயலி உண்டு. கோடி செட்டிங்ஸில் சேர்விசஸ், கொன்ட்ரோல் பகுதியில் எச்டிடிபி வழிக் கட்டுப்பாட்டை அனுமதித்து கடவுச்சொல் கொடுத்தால் இரண்டும் ஒரே வைஃபையில் கைகோர்க்கும்.

கரண்ட், இடி, உப்பு

பழைய டெஸ்க்டொப் படம் ஓடும்போது 60 வாட் எடுக்கிறது என்று வைத்தால், நாளுக்கு 5 மணி நேரத்துக்கு மாதம் 9 அலகு. மடிக்கணினி 20 வாட் என்றால் 3 அலகு. மின்கட்டணம் படிப்படியாக ஏறும் முறையில் இருப்பதால், ஏற்கனவே படி விளிம்பில் நிற்கும் வீட்டில் அந்த 9 அலகு மொத்தப் பில்லையும் அடுத்த படிக்குத் தள்ளலாம். திரை உடைந்த மடிக்கணினி இருந்தால் அதையே எடுங்கள். மின்னும் குறைவு, மின்வெட்டுக்குப் பற்றரியும் உள்ளேயே.

டெஸ்க்டொப்புக்கு 650 விஏ யூபிஎஸ் ஒன்று வேண்டும். படத்தை முடிக்கும்வரை தாங்காது; ஒழுங்காக மூடுவதற்குத் தேவையான சில நிமிடங்களைத் தரும். பயோஸில் (கணினியின் அடிப்படை அமைப்புத் திரை) கரண்ட் வந்ததும் தானாக எழும்பும் அமைப்பு ஒன்று உண்டு, அதை நிறுத்தியே வையுங்கள். எங்கள் பக்கத்தில் கரண்ட் ஒரேயடியாக வராது, வந்து போய் வந்து நிற்கும். ஒவ்வொரு தட்டுக்கும் எழும்பி விழுந்தால் டிஸ்க் கெடும். மின்வெட்டுக்குப் பிறகு எந்த இணையத்தளமும் "பாதுகாப்பில்லை" என்று திறக்க மறுத்தால் கடிகாரத்தைப் பாருங்கள். ஆண்டு பின்னால் போயிருந்தால் மதர்போர்டில் உள்ள சிஆர்2032 பட்டன் பற்றரி இறந்துவிட்டது. மாற்றுவது ஐந்து நிமிட வேலை.

ஒக்டோபர், நவம்பர் பின்னேரங்களில் இடி கூடும், ஏப்ரலிலும் உண்டு. அந்த நேரத்தில் சுவிட்சை அணைப்பது போதாது, பிளக்கைக் கழற்ற வேண்டும். அதைவிட முக்கியம், கூரை அன்டெனா வயரையும் டிஷ் வயரையும் டிவியிலிருந்து, செப்புத் தொலைபேசி வயரை ரூட்டரிலிருந்து, ரூட்டரின் லேன் வயரைக் கணினியிலிருந்து கழற்றுவது. இடி கரண்ட் வயரால் மட்டும் வருவதில்லை. அன்டெனாவால் டிவிக்கு, டிவியிலிருந்து எச்டிஎம்ஐயால் கணினிக்கு என்று வரிசையாக எரித்துக்கொண்டு போகும். எக்ஸ்டென்ஷன் கோடில் "சேர்ஜ் புரொடெக்டர்" என்று எழுதியிருப்பதை நம்பி இருந்துவிடாதீர்கள்.

கடலோர வீடுகளில், நாவலடியிலிருந்து திருக்கோவில், பொத்துவில் வரை, உப்புக்காற்றுதான் மெல்லக் கொல்லும் எதிரி. முதலில் பாதிக்கப்படுவது ரேமின் தொடுமுனை. கணினி எழும்பும், காற்றாடி சுற்றும், திரை கறுப்பு, பீப் பீப் என்று சத்தம். மதர்போர்ட் போய்விட்டது என்று வீச வேண்டாம். பிளக்கைக் கழற்றி, ரேமை எடுத்து, பொன்னிறப் பற்களைப் பென்சில் அழிறப்பரால் மெதுவாகத் தேய்த்து, தூளைத் தட்டிவிட்டு, "டக்" என்று இரு பக்கமும் பூட்டும்வரை அமுக்குங்கள். பெரும்பாலும் எழும்பிவிடும். மாதக்கணக்கில் மூடிக் கிடக்கும் பெட்டியைவிடத் தினம் ஓடுகிற பெட்டிக்கு உப்பு குறைவாகவே பிடிக்கும். உள்ளே இருக்கும் சூடு ஈரத்தை விரட்டிவிடும்.

கச்சான் வீசும் ஆனி, ஆடியில் புழுதி, மாரியில் ஈரம். இரண்டுக்கும் பயந்து கணினியைக் கண்ணாடி ஷோகேஸுக்குள் அழகாக வைத்துக் கதவைச் சாத்துகிறவர்கள் உண்டு. அரை மணியில் உள்ளே வெப்பம் ஏறி, புரொசஸர் தன் வேகத்தைத் தானே குறைக்கும், படம் திக்கும். ஷோகேஸின் பின்பக்கக் கதவை எடுத்துவிடுங்கள், சுவருக்கும் பெட்டிக்கும் ஒரு சாண் இடைவெளி விடுங்கள். தரையில் வைக்காதீர்கள், வெள்ளம் ஏறும் ஊரில் இரண்டடிக்கு மேலே தட்டு வேண்டும். பின்பக்கத்தில் மூடி இல்லாத ஸ்லொட் ஓட்டைகளைத் தகடோ டேப்போ போட்டு அடையுங்கள். சூட்டைத் தேடிப் பல்லி உள்ளே போய் பவர் சப்ளையில் மாட்டினால் பல்லியும் போகும் பவர் சப்ளையும் போகும்.

அலுமாரியில் உள்ள டிவிடிகள்

கலியாணம், பூப்புனித நீராட்டு விழா, மாமாங்கத் தீர்த்தம், ஊர்க் கூத்து என்று டிவிடியில் கிடப்பவற்றைக் கணினிக்கு மாற்றுவதைத் தள்ளிப்போட வேண்டாம். ஈரத்தில் டிவிடியின் ஓரத்தில் பூஞ்சணம் பிடிக்கும், ஒளிபடும் படலம் கெடும். வீட்டு விழா டிவிடிகளில் பூட்டு இருக்காது, ஆகவே ஹேன்ட்பிரேக் என்ற இலவச மென்பொருள் நேரடியாகத் திறக்கும். எம்பி4 வடிவம், எச்.264, தர அளவு 20 என்று வையுங்கள். "டீகோம்ப்" என்பதை இயக்க மறக்க வேண்டாம். இந்த டிவிடிகள் 720க்கு 576 புள்ளி, ஒற்றை வரியும் இரட்டை வரியும் தனித்தனியாகப் பதியப்பட்டவை. அதை இயக்காவிட்டால் மணமகள் கையை அசைக்கும்போதெல்லாம் சீப்புப் பல் போலக் கோடு தெரியும். 4.3 ஜிபி டிவிடி ஒன்று பெரும்பாலும் 1, 2 ஜிபிக்குள் அடங்கும்.

வாசிக்கும்போது டிரைவ் முனகி நின்றால் டிவிடியை மென்சோப்பு நீரில் கழுவி, நடுவிலிருந்து ஓரத்துக்கு நேராகத் துடைத்து உலர்த்துங்கள். வட்டமாகத் துடைத்தால் கீறல் ஒரே தடத்தில் விழுந்து அந்தப் பகுதியே போய்விடும். அப்படியும் முடியாவிட்டால் வேறு டிரைவில் போடுங்கள். ஒன்று வாசிக்காததை இன்னொன்று வாசிப்பது வழக்கம். மாற்றி முடித்ததும் இரண்டாவது பிரதி ஒன்றை வெளி ஹார்ட் டிஸ்கில் எடுத்து, வேறு ஊரில் உள்ள உறவினர் வீட்டில் கொடுத்து வையுங்கள். டிவிக்குப் பின்னால் இருப்பதும் அலுமாரியில் இருப்பதும் ஒரே கூரையின் கீழ்தான்.